வாய்க்கட்டு: மக்சிமில்லாவை வாசிப்பது குறித்து

மக்சிமில்லா பேசியதாக நமக்குக் கிடைப்பவை நாலைந்து வாக்கியங்கள்தான். அத்தனையும் அவரை மறுக்க வந்தவர்கள் தம் ஏடுகளில் எடுத்துப் போட்டுக்கொண்டவை. அவருடைய ஆட்கள் எழுதிய எதுவும் எரிக்கப்படாமல் தப்பவில்லை. மோன்டானியரின் நூல்களைக் கொளுத்தும்படி 398இல் ரோமப் பேரரசு சட்டமே போட்டது. குண்டலகேசியின் பல பாடல்களை நீலகேசி உரையிலிருந்து பொறுக்கிச் சேர்த்துப் படித்துப் பழகிய நமக்கு இந்த நிலைமை புதிதல்ல. ஆனாலும் இங்கே ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. எதிராளி மறுப்பது ஒரு தத்துவத்தை அல்ல, ஒரு பெண்ணின் வாயை.

முதலில் சம்பவங்கள். 2ஆம் நூற்றாண்டின் பிற்பாதி. இன்றைய துருக்கியின் மேற்கே, பிரிகியா. அதன் எல்லையில் அர்தபாவ் என்ற கிராமத்தில், புதிதாகக் கிறிஸ்தவரான மோன்டானுஸ் என்பவர் பரவசத்தில் விழுந்து பேசத் தொடங்குகிறார். எபிஃபானியஸ் கணக்குப்படி 157 வாக்கில், யூசிபியஸ் கணக்குப்படி 172 வாக்கில். இரண்டு பெண்கள், பிரிசில்லாவும் மக்சிமில்லாவும், அவரோடு சேர்கிறார்கள். பெப்பூசா, தீமியோன் என்ற இரண்டு சின்ன ஊர்களுக்கு எருசலேம் என்று பேர் வைக்கிறார்கள். தங்களைப் 'புதிய தீர்க்கதரிசனம்' என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். 'மோன்டானியர்' என்பது பிற்பாடு எதிரிகள் ஒட்டிய சீட்டு. இயக்கத்தையே ஒரு ஆணின் பேருக்குள் அடைத்துவிட்டால் பெண்கள் இருவரும் அவனுக்கு எடுபிடி ஆகிவிடுகிறார்கள். இன்றைக்கு எழுதுகிறவர்கள்கூட இந்தச் சீட்டைக் கிழிக்காமலேதான் எழுதுகிறார்கள்.

பெண் தீர்க்கதரிசனம் சொல்வது அன்றைய சபைக்கு அதிசயம் ஒன்றுமில்லை. பிலிப்புவின் நாலு மகள்களும் தீர்க்கதரிசனம் சொன்னதாக அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, பெண்கள் சபையில் தீர்க்கதரிசனம் சொல்வதை ஏற்றுக்கொண்டு, தலையை மூடிக்கொள் என்று மட்டும் நிபந்தனை போடுகிறார் (அதே நிருபத்தில் சில அதிகாரங்கள் தள்ளி, பெண் வாயே திறக்கக் கூடாது என்று வருவது தனிச் சண்டை). ஆக, 'பெண் பேசினாள், அதனால் ஒடுக்கினார்கள்' என்ற சுலபமான வாசிப்பு இங்கே போதாது. இடையில் வேறென்னவோ மாறியிருக்கிறது.

என்ன மாறியது என்பதற்குத் 'திதாகே' என்ற சிறு நூல் தடயம் தருகிறது. 1873இல் கான்ஸ்டான்டினோபிளில் அதன் கையெழுத்துப்படி கண்டெடுக்கப்பட்டு, 1883இல் அச்சேறியது. ஊர் ஊராய்த் திரியும் தீர்க்கதரிசிகளை எப்படி நடத்துவது என்று சபைகளுக்கு அது வழி சொல்கிறது. ஆவியில் பேசுகிறவரைச் சோதிக்காதே, அது மன்னிப்பில்லாத பாவம் என்கிறது. உடனேயே, மூணு நாள் தங்கினால் அவர் போலி, பணம் கேட்டால் போலி என்று அளவுகோலையும் கையில் கொடுத்துவிடுகிறது. கொஞ்சம் தள்ளிப் போனால், கண்காணிகளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள், தீர்க்கதரிசிகள் செய்கிற ஊழியத்தை அவர்களும் செய்வார்கள் என்று வருகிறது. இந்த இடத்தில் நிறுத்திப் படிக்க வேண்டும். வந்து போகிறவரின் வாய்க்குப் பதிலாக உட்கார்ந்திருப்பவரின் நாற்காலி வருகிறது. நாற்காலிக்கு ஆள் மாறலாம், வாரிசு உண்டு, பதிவேடு உண்டு. வாய்க்கு இவை ஏதுமில்லை. மக்சிமில்லா பேச வந்தது நாற்காலி போட்டு முடித்த பிறகு.

இங்கே நம் மொழிபெயர்ப்பும் காலை வாருகிறது. 'தீர்க்கதரிசி' என்றால் நெடுந்தூரம் பார்ப்பவர். கண்ணோடு தொடர்புள்ள சொல். கிரேக்கச் சொல்லோ பேசுகிறவரை, ஒருவர் சார்பாக வாய் திறப்பவரைக் குறிக்கிறது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு 'இறைவாக்கினர்' என்று வாய்ப்பக்கம் திருப்பியது சரியான காரியம். கண் என்று எடுத்துக்கொண்டால் சொன்னது பலித்ததா என்ற கேள்வி மட்டுமே மிஞ்சும். மக்சிமில்லாவின் எதிரி அதைத்தான் செய்கிறார். யூசிபியஸ் எடுத்தாளும் பெயர் தெரியாத எழுத்தாளர் கணக்குப் பார்க்கிறார்: போரும் கலகமும் வரும் என்றாளே, அவள் செத்து 13 வருஷத்துக்கு மேல் ஆயிற்று, ஒரு போரும் காணோம், ஆகவே பொய். வட்டிக்கடைக்காரர் கெடு பார்க்கிற மாதிரி.

இன்னொரு குற்றச்சாட்டு பேசிய விதம் பற்றியது. தன்னிலை இழந்து, தாறுமாறாக, சபை மரபுக்கு ஒவ்வாமல் பேசினார்கள் என்பது. தீர்க்கதரிசி பரவசத்தில் பேசக் கூடாது என்றே மில்தியாதஸ் என்பவர் ஒரு நூல் எழுதியிருக்கிறார். மனிதன் யாழ், தாம் அதை மீட்டும் கோல், மனிதன் உறங்குகையில் தாம் விழித்திருப்பதாக ஆவியின் குரலில் மோன்டானுஸ் சொன்னதாக ஒரு குறிப்பு உண்டு. 'நான்' என்று பேசுவது யார் என்ற கேள்வியை இதைவிடக் கூர்மையாகக் கேட்க முடியாது. ஃபூக்கோ 1970இல் ஆற்றிய தொடக்க உரையில் அறிவு / பித்து என்ற பிரிவினையை, பேச்சை விலக்கிவைக்கும் வழிகளில் ஒன்றாகச் சொல்கிறார். பிரிகியாவில் அது பேயோட்டும் வடிவத்தில் நடந்தது. சொத்திக்கஸ், யூலியன் என்ற இரண்டு கண்காணிகள் மக்சிமில்லாவிடம் வருகிறார்கள். விவாதிக்க அல்ல, அவருக்குள்ளிருக்கும் ஆவியைச் சோதித்துக் கண்டிக்க. தெமிசோனின் ஆட்கள் குறுக்கே நின்று அவர்கள் வாயைக் கட்டிவிட்டதாக எதிர்ப்பிரதி புலம்புகிறது. ஒரே ஒரு தடவை வாய்க்கட்டு எதிர்த்திசையில் விழுந்திருக்கிறது, அதையும் புகாராகத்தான் எழுதிவைத்திருக்கிறார்கள்.

மற்ற வசைகள் நாம் அறியாதவை அல்ல. கன்னி என்கிறாளே, புருஷனை விட்டுவிட்டு வந்தவள்தானே. தலைமயிருக்குச் சாயம் பூசுகிற, கண்ணுக்கு மையிடுகிற, சூதாடுகிற, வட்டிக்கு விடுகிறவர் தீர்க்கதரிசியா என்று அப்பொல்லோனியஸ் கேள்வி மேல் கேள்வியாக அடுக்குகிறார். மோன்டானுஸும் மக்சிமில்லாவும் தூக்கு மாட்டிக்கொண்டு செத்தார்களாம் என்கிறது இன்னொரு வதந்தி. எழுதியவரே, நேரில் பார்க்காததால் நிச்சயமாய்ச் சொல்ல முடியாது என்று கைகழுவிக்கொள்கிறார். கைகழுவினாலும் எழுதாமல் விடவில்லை, பாருங்க.

இந்த இடத்தில் மக்சிமில்லாவைக் கலகக்காரியாக்கி மாலை போட நமக்குக் கை துறுதுறுக்கும். சமீபத்திய பெண்ணிய வாசிப்புகள் சிலவும் அப்படித்தான் முடிகின்றன. ஆனால் மிஞ்சியுள்ள வாக்கியங்கள் அதற்கு முழுசாய் ஒத்துழைக்கவில்லை. தன்னைக் கேட்க வேண்டாம், கிறிஸ்துவைக் கேளுங்கள் என்கிறார். விருப்பமோ இல்லையோ, தான் கட்டாயப்படுத்தப்பட்டு அனுப்பப்பட்டதாகச் சொல்கிறார். தனக்குப் பின் தீர்க்கதரிசி யாரும் கிடையாது, முடிவுதான் என்கிறார். தன் பின்னால் கதவைச் சாத்திக்கொள்ளும் பேச்சு இது. ஓநாய் மாதிரித் தன்னை ஆடுகளிடமிருந்து விரட்டுவதாகவும், தான் ஓநாய் அல்ல, வாக்கும் ஆவியும் வல்லமையும் என்றும் சொன்னதாக வரும் ஓரிடத்தில் மட்டும் ஒரு ஆளின் வலி தெரிகிறது. மற்றபடி அவர் தேடியது தன் குரல் அல்ல. தன்னை விலக்கிக்கொண்டுதான் அவரால் பேச முடிந்தது. இதை விடுதலை என்று உடனே பேர் சூட்டுவதும், வெறும் அடிமைத்தனம் என்று ஒதுக்குவதும் ஒரே அவசரத்தின் இரண்டு பக்கம் என்றே படுகிறது.

அவர் சாத்திய கதவு சாத்தியபடி இருக்கவில்லை என்பதுதான் சுவாரசியம். 4ஆம் நூற்றாண்டில் எபிஃபானியஸ் தரும் செய்தி: குவின்டில்லாவோ பிரிசில்லாவோ (அவருக்கே குழப்பம்) பெப்பூசாவில் உறங்குகையில், ஒளிரும் ஆடையில் பெண் உருவில் கிறிஸ்து வந்து ஞானத்தை உள்ளே வைத்தாராம். இந்தக் கூட்டத்தார் பெண்களைக் கண்காணிகளாக, மூப்பர்களாக அமர்த்தினார்கள். கிறிஸ்துவுக்குள் ஆணென்றும் பெண்ணென்றும் இல்லை என்ற பவுலின் கருத்தையே ஆதாரம் காட்டினார்கள். அறிவின் மரத்தில் முதலில் தின்றவள் என்று ஏவாளைக் கொண்டாடினார்கள். எபிஃபானியஸ் இதை அருவருப்போடு பட்டியலிடுகிறார். அவருடைய அருவருப்பு நமக்கு ஆவணமாகிறது.

வடஆப்பிரிக்காவில் கதை வேற மாதிரி. 207 வாக்கில் இந்தப் பக்கம் சாய்ந்த தெர்த்துல்லியன்தான் இயக்கத்துக்குக் கிடைத்த பெரிய பேனா. ஞாயிறு வழிபாட்டில் தரிசனம் காணும் ஒரு சகோதரியைப் பற்றி எழுதுகிறார். வழிபாடு நடக்கும்போது அந்தப் பெண் ஆவியில் இருக்கிறார். ஆனால் சபை கலைந்த பிறகே கண்டதைச் சொல்கிறார். சொன்னதைக் கவனமாக ஆராய்ந்து பார்க்கிறார்கள். அதே தெர்த்துல்லியன் இன்னொரு நூலில், பெண் சபையில் பேசவோ, போதிக்கவோ, ஞானஸ்நானம் கொடுக்கவோ கூடாது என்கிறார். அந்தச் சகோதரிக்குப் பேர்கூட இல்லை. ஆன்மாவுக்கு உருவமுண்டு என்ற அவருடைய வாதத்துக்கு ஒரு சாட்சி, அவ்வளவே. எதிரிகள் மக்சிமில்லாவின் பேரையாவது விட்டுவைத்தார்கள். இயக்கத்துக்குள் வேலை செய்கிற பெண் தோழர்கள் இந்தப் பகுதியைப் படித்துவிட்டு எனக்கு எழுதினால் நல்லது.

பெப்பூசா அதற்குப் பிறகும் நூற்றாண்டுக் கணக்கில் உயிரோடு இருந்தது. ஜஸ்டினியன் ஆட்சியில் நெருக்கடி முற்றியபோது, பிரிகிய மோன்டானியர் தம் ஆலயங்களுக்குள் புகுந்து பூட்டிக்கொண்டு தீ வைத்துக்கொண்டதாகப் புரொகோப்பியஸ் எழுதுகிறார். 550 வாக்கில் எபேசு யோவான் பெப்பூசாவுக்குப் போய், மோன்டானுஸின் எலும்புகளையும் அந்தப் பெண்களின் எலும்புகளையும் கல்லறையிலிருந்து எடுத்து எரித்ததாகச் சிரிய வரலாற்றுக் குறிப்பு ஒன்று சொல்கிறது. செத்து நானூறு வருஷம் ஆகியிருந்தது.

ஊர் எது என்பதே பிறகு மறந்துபோய், 2000இல்தான் பீட்டர் லாம்பேயும் வில்லியம் டாபர்னியும் உஷாக் மாகாணத்தில் அதன் இடத்தை அடையாளம் கண்டார்கள். வழிகாட்டியது தீமியோன் பேர் பொறித்த ஒரு கல்வெட்டு. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அதில் தீர்க்கதரிசனம் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, ஆகவே இரண்டையும் நேராக முடிச்சுப் போட முடியாது. அதில் இருப்பது வேறு: தீமியோனிலும் பக்கத்து ஊரிலும் பேரரசரின் நிலத்தை உழுத குத்தகைக்காரர்கள், அதிகாரிகள் தங்களிடம் அநியாயமாகப் பறிப்பதைப் பற்றி முறையிட்டிருக்கிறார்கள். கல்லில் வெட்டியிருப்பது செப்டிமியஸ் செவெரஸின் பதில். அவர்கள் முறையிட்டதே அந்தப் பதிலிலிருந்துதான் நமக்குத் தெரியவருகிறது.