வந்ததை அப்படியே நிரப்பலாமா?

வலைச் செயலிக்கு வந்து சேரும் கோரிக்கை வெறும் எழுத்துச் சரம்தான். அதை ஜேசானாகவோ படிவத் தரவாகவோ படித்து, நிரலுக்குள் புழங்கும் ஆப்ஜெக்டாக மாற்றும் வேலையை ஃபிரேம்வொர்க்குகள் தாமே செய்துவிடுகின்றன. இந்த வசதி சாதாரணமானதல்ல. ஒவ்வொரு புலத்தையும் கையால் எடுத்து, எண்ணா தேதியா என்று பார்த்து மாற்றும் நிரலில் பிழை மலிந்திருக்கும். பலர் பார்த்துச் சீர்செய்த ஒரே நூலகம் அதைவிட எவ்வளவோ மேல். ஆகவே என் மறுப்பு தானியக்கத்தின் மீது அல்ல. எதை நிரப்புவது என்று முடிவெடுக்கும் உரிமை, அனுப்புகிறவர் கைக்குப் போய்விடுவதுதான் சிக்கல்.

2012 மார்ச்சில், நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் நடந்தது இதுதான். பொதுச் சாவியைப் புதுப்பிக்கும் படிவத்தில், சாவி யாருக்குரியது என்று குறிக்கும் புலத்தையும் யெகோர் ஹோமகோவ் என்ற நிரலாளர் சேர்த்து அனுப்பினார். படிவத்தில் அப்படியொரு புலம் கிடையாது. ஆனால் டேட்டாபேஸ் அட்டவணையைக் குறிக்கும் வகுப்பான மாடலில் இருந்தது, கிட்ஹப் பயன்படுத்திய ரெயில்ஸ் ஃபிரேம்வொர்க் அதை நிரப்பிவிட்டது. அவருடைய சாவி ரெயில்ஸ் குழுவின் கணக்கில் ஏறியது. ரெயில்ஸ் திட்டத்தின் நிரலுக்குள் புதிய கோப்பொன்றையும் அவரால் சேர்க்க முடிந்தது. எவற்றை நிரப்பலாம் என்று வரையறுக்கும் வசதி ரெயில்ஸில் ஏற்கெனவே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும் பாதுகாப்பாக அது இருந்தது, அவ்வளவுதான். 2013 ஜனவரியில் வெளிவந்த ஓட்டை இன்னும் மோசம்: எக்ஸ்எம்எல் கோரிக்கையில் ஒரு மதிப்பின் வகை யாமல் (ஆப்ஜெக்டுகளையும் விவரிக்கவல்ல தரவு வடிவம்) என்று அனுப்புகிறவரே எழுதிவிடலாம், ரெயில்ஸும் அதை நம்பி, அவர் சொன்ன வகுப்பின் ஆப்ஜெக்டை உருவாக்கும். சர்வரில் அந்நியர் நிரல் ஓட அது போதுமானதாயிற்று.

தடைப்பட்டியல் போட்டால் போதாதா என்று கேட்கலாம். ஜாவா உலகின் ஸ்பிரிங் அதைத்தான் செய்தது. வகுப்புகளை நினைவகத்தில் ஏற்றும் கிளாஸ்லோடரைத் தொடும் வழியை 2010இல் அடைத்தார்கள். பின்னர் ஜாவா 9இல் மாட்யூல் என்ற புதிய பண்பு வந்தது. அதன் வழியாக அதே இடத்துக்கு மறுபடி போக முடிந்தது. 2022இல் ஸ்பிரிங்4ஷெல் என்று பேசப்பட்டது இதுதான். ஸ்பிரிங்கில் யாரும் எதையும் திறந்துவிடவில்லை. அடியிலிருந்த மொழி வளர்ந்தது, பட்டியல் பழையதாயிற்று. ஆகவே, பெறுகிறவர் ஏற்கும் புலங்களை மட்டும் பெயர்சொல்லி வரையறுக்கும் தனி வகை ஒன்றை வாசலில் நிறுத்துவதே உறுதியான வழி. ரெயில்ஸ் 4 இந்தத் திசையில்தான் திரும்பியது. சரிபார்ப்பு விதிகள் இதற்கு ஈடாகா. அவை மதிப்பு சரியா என்று பார்க்குமே தவிர, அந்தப் புலம் வரத் தகுமா என்று கேட்பதில்லை.

ஒரே புலங்களை மாடலிலும் இந்தத் தனி வகையிலும் என இரண்டு இடத்தில் எழுதுவது வீண்வேலை என்ற எதிர்வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. நான்கு பேர் உள்ளுக்குள் பயன்படுத்தும் சிறு கருவிக்கு இது மிகைதான். ஆனால் டேட்டாபேஸ் அட்டவணை மாறும் காரணம் வேறு, வெளியாருக்குத் தந்த படிவம் மாறும் காரணம் வேறு. இன்று ஒன்றுபோல் இருப்பது தற்செயல். பட்டியலில் இல்லாத புலம் வந்தால் என்ன செய்வது என்பதுதான் உண்மையிலேயே கடினமான கேள்வி. மறுத்தால், பதிப்பு முன்பின்னாக இருக்கும் மொபைல் செயலிகள் உடையும். சத்தமில்லாமல் விட்டால், பெயரைத் தப்பாக எழுதியவருக்குத் தன் தரவு சேரவில்லை என்பதே தெரியாது. பணமும் அனுமதியும் சார்ந்த கோரிக்கைகளில் மறுத்துவிடலாம், மற்றவற்றில் பதிவேட்டில் குறித்துவிட்டுத் தள்ளலாம் என்பேன்.