புத்தளத்து உப்பும் போட்டரின் ஐவிசைக் கோட்பாடும்

ஒரு கைத்தொழிலின் இலாபத்தை அதிலுள்ள போட்டியாளர் மட்டும் நிருணயிப்பதில்லை என்பதே மைக்கல் போட்டர் 1979ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையின் சாரமாகும். போட்டியாளரோடு புதிதாய் நுழைவோர், மாற்றுப்பொருள்கள், வழங்குவோர், கொள்வோர் என ஐந்து விசைகளை அவர் வகுத்தார். புத்தளம் களப்பையண்டிய உப்பளங்களில் வைத்து நோக்குமிடத்து, இக்கோட்பாட்டின் வலிமையும் குறைபாடும் ஒருங்கே புலனாகின்றன.

'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பது பழமொழி. உப்புக்கு மாற்றுப்பொருள் இல்லை. உவர்நீரைக் களப்புத் தருகிறது, வெய்யிலுக்கு விலையில்லை. எனவே இத்தொழில் பெரிதும் இலாபந்தரும் என எண்ணத் தோன்றும். ஆயினும் ஓர் அளத்து உப்பை மற்றோர் அளத்து உப்பினின்றும் கொள்வோர் பிரித்தறியார். வாரிக் குவித்த உப்பைக் கிடுகால் மூடிக் காக்கலாமெனினும், கடன்பட்ட சிறு அளத்தார் நெடுநாள் காத்திருக்க இயலாது. பேரம்பேசும் பலம் கொள்வோர் பக்கமே சாய்கிறது. இதனைப் போட்டரின் கோட்பாடு செவ்வனே விளக்குகிறது.

கொள்வோர் கொடுக்க முன்வரும் தொகையே பெறுமதி என 1985ஆம் ஆண்டு நூலில் அவர் கூறினார். உப்பின் பெறுமதி பாத்தியில் கூடுவதிலும், கழுவி அரைத்து அயடீன் சேர்த்துப் பொதியிடும் இடத்திலேயே மிகுதியாகக் கூடுகிறது. 1990களின் நடுப்பகுதியில் இலங்கையில் அயடீன் சேர்த்தல் கட்டாயமாயிற்று. மக்கள் நலத்திற்கு இன்றியமையாத இவ்விதி, இயந்திரமும் பரிசோதனை வசதியும் அற்றோர் கடைவீதியை நேரே அடைவதை அரிதாக்கும் இயல்பும் உடையது.

கோட்பாட்டின் குறைபாடு வேறிடத்தில் உளது. அரசைத் தனிவிசையாகக் கொள்ளாது, ஐவிசைகளினூடாகச் செயற்படுவதாகவே போட்டர் கருதினார். புத்தளத்து வரலாறோ வேறுவிதமாகப் பேசுகிறது. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமாகவே, கண்டி இராச்சியம் உப்புக்கு அவர்களது கரையை நம்பவேண்டியதாயிற்று. பின்வந்த ஆங்கிலேயர் உப்பை அரச தனியுரிமையாக்கினர். மழையால் விளைச்சல் குன்றியபோது, 2025 ஜனவரியில் 30,000 மெற்றிக் தொன் உப்பை இறக்குமதி செய்ய அரசு அனுமதித்தது. மழையும் அரசாணையும் சந்தையின் எல்லையையே மாற்றவல்லன. அவற்றை ஐவிசைகளுள் அடக்குதல் எளிதன்று.

இதனால் இக்கோட்பாடு பயனற்றதாகிவிடாது. பலவீனம் எங்குளது என்பதை அது காட்டுகிறது. சிறு அளத்தார் கூட்டுறவாய் இணைந்து சேமிப்பையும் அயடீன் சேர்த்தலையும் தம் கையிற் கொள்வராயின், பெறுமதியின் ஒரு பகுதியேனும் உழைத்தோரிடம் தங்கும். அவ்வழியைக் காணாத ஆய்வு இலாபத்தை அளக்குமேயன்றி, அது எவரைச் சேர்கிறது என்ற வினாவுக்கு விடையளிக்காது.