மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள்

‘டூயிங் டைம், டூயிங் விபாசனா’ என்கிற ஆவணப்படம் 1997இல் வந்தது. கிரண் பேடி திகார் சிறையின் பொறுப்பில் இருந்தபோது, 1994 ஏப்ரலில், எஸ்.என். கோயங்கா ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளைப் பத்து நாள் பேசாமல் உட்கார வைத்துத் தியானம் சொல்லிக்கொடுத்தார். அந்தச் சிறை மாற்றத்தைக் கொண்டாடும் படம். பார்த்தவங்க கண்கலங்கிப் போறாங்க. எனக்கும் கலங்கியது, மறைக்க என்ன இருக்கிறது? பிறகுதான் கோபம் வந்தது.

கைதி தனக்குள் பார்க்கிறான், தன் வெறியைக் கண்டுகொள்கிறான், அழுகிறான். நல்லது. ஆனால் அன்று திகாரில் அடைபட்டிருந்தவர்களில் பெரும்பாலோர் விசாரணைக் கைதிகள். குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். அடுத்த வாய்தா என்னிக்கு, ஜாமீன் எடுக்க யார் வருவாங்க என்று கிடந்தவர்கள். அவர்களிடம் போய், உன் துக்கத்தின் வேர் உன் மனசுக்குள்ளேயே இருக்கு, மூச்சைக் கவனி என்று அரசாங்கமே ஆள் வைத்துச் சொல்வது என்ன நியாயம்? இது மதமே இல்லை, பயிற்சிதான் என்பது கோயங்காவின் வாதம். இருக்கட்டும். பூட்டிய அறைக்குள் துக்கத்துக்கு விளக்கம் சொல்கிற எதுவும் மதத்தின் வேலையைத்தான் செய்கிறது.

அதுவும் யார் பெயரால்? புத்தர் பெயரால். உறுத்துவது இதுதான். அம்பேத்கர் மறைந்தபின் 1957இல் வெளியான ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலின் முகப்பிலேயே, நான்கு உண்மைகள் புத்தரின் மூல போதனைதானா என்கிற கேள்வியை அவர் எழுப்புகிறார். அவை மனிதனுக்கு நம்பிக்கையைத் தருவதில்லை என்கிறார். முற்பிறவி வினைக் கணக்கை ஏற்க மறுக்கிறார். அவர் நமக்குக் கொடுத்த புத்தர் சிறைக்குள் போனால் கண்ணை மூடி உட்காரமாட்டார். இங்க கக்கூஸ் கழுவுறது யாருன்னு முதல்ல கேட்பார்.

கேட்டிருக்க வேண்டிய இடமும் இருந்தது. திகாருக்கு முன்பே, 1975இல், ஜெய்ப்பூர் மத்திய சிறைக்குள் விபாசனா நுழைந்துவிட்டது. ராஜஸ்தானின் 1951ஆம் ஆண்டுச் சிறை விதிகளின்படி சமையலுக்குப் பிராமணர் அல்லது போதிய அளவு உயர்சாதி இந்து. மலம் அள்ள மேத்தர். மனசைச் சுத்தப்படுத்தும் வகுப்பும் இந்த விதியும் ஒரே மதிலுக்குள் இருந்தன. விதியைத் திருத்தியது 2021 பிப்ரவரியில்தான், அதுவும் பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா எழுதியதை உயர்நீதிமன்றம் கையில் எடுத்த பிறகு. அவர் தொடுத்த வழக்கில் 3.10.2024 அன்று உச்சநீதிமன்றம் பல மாநிலங்களின் இப்படிப்பட்ட விதிகளைச் செல்லாது என்றது. நம்ம பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகப் பிரித்து அடைப்பதும் அந்த வழக்கில் பேசப்பட்டது. (அதே 1975இல்தான் பாரிசில் ஃபூக்கோவின் சிறை நூல் வந்தது. நம்மில் சிலர் அதைக் கரைத்துக் குடித்தவர்கள். ராஜஸ்தான் விதிப்புத்தகத்தை நாமும் புரட்டிப் பார்க்கவில்லை.)

அப்படியானால் ஜெயிலுக்குள் சாமியே கூடாதா? நம் பகுத்தறிவுத் தோழர்கள் ஆமாம் என்பார்கள். என்னால் முடியாது. ராத்திரி பூட்டின பிறகு மாதாவையோ மாரியாத்தாளையோ அல்லாவையோ கூப்பிடுகிறவனிடம் அதையும் பிடுங்கிக்கொள்ள நாம் யார்? அவன் கேட்டால் பாதிரியோ மௌல்வியோ பிக்குவோ வரட்டும். அது அவன் உரிமை. அதிகாரி ஏற்பாடு செய்து, ‘திருந்தியவன்’ என்று பெயர் கொடுக்கும் ஆறுதல் வேறு. வார்டன் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் ‘சொந்த விருப்பம்’ என்கிற சொல்லுக்கு என்ன எடை இருக்க முடியும்? இன்னொன்றும் கேட்க வேண்டும். ஆறுதல் சொல்ல உள்ளே போகிறவர், அங்கே கேட்டதை வெளியே கொண்டுவந்து சொல்வாரா?

சொன்ன ஒருவரை நமக்குத் தெரியும். திருச்சிப் பக்கம் பிறந்த இயேசு சபைத் துறவி ஸ்டேன் சுவாமி. ஜார்க்கண்ட் சிறைகளில் விசாரணையின்றிக் கிடந்த ஆதிவாசி இளைஞர்களுக்கு ஜெபம் சொல்வதோடு அவர் நிற்கவில்லை. அவர்களைப் பற்றி ஆய்வு செய்தார், உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 2020 அக்டோபர் 8ஆம் தேதி அவரையே கைது செய்து தலோஜா சிறையில் அடைத்தார்கள். வயது எண்பதைத் தாண்டியவர். நடுக்குவாதத்தால் தம்ளரைப் பிடிக்க முடியாமல், உறிஞ்சுகுழல் வேண்டும் என்று நவம்பரில் மனுப் போட்டார். பதில் சொல்லவே புலனாய்வு முகமைக்கு இருபது நாள் வேண்டியிருந்தது. ஜாமீன் கிடைக்காமலே 2021 ஜூலை 5 அன்று இறந்தார்.

அந்தச் சிறையில் அவருக்குச் சாப்பிடக் கைகொடுத்தவர்களும் குளிக்க உதவியவர்களும் சக கைதிகள்தான்.