சுழலிச் சக்கரமும் விசிறல் இழப்பும்

நீராவிச் சுழலி பற்றிய நூல்களுள், ஆரெல் ஸ்டொடோலா 1903இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட நூலுக்குத் தனியிடம் உண்டு. சூரிக் தொழில்நுட்பக் கல்லூரியில் 1892 முதல் 1929 வரை பேராசிரியராக விளங்கியவர் அவர். சுழலும் சக்கரம் தன்னைச் சூழ்ந்த ஆவியைக் கலக்குவதால் வீணாகும் ஆற்றலை அளந்தறிய அவர் பெயரால் வழங்கும் சூத்திரம் இன்றும் பயில்கிறது.

அச்சூத்திரத்தின் சிறப்பு, இழப்பை இரண்டாகப் பிரித்ததே. சக்கரத்தின் முகங்களில் எழும் உராய்வு ஒன்று. அலகுகள் விசிறிபோல் ஆவியை வாரி எறிவது மற்றொன்று. முன்னது எப்போதும் உண்டு. பின்னதோ, ஆவித்தாரை பாயாத பகுதியில் வெறுமனே சுற்றும் அலகுகளால் விளைவது. இரண்டும் ஆவியின் அடர்த்தியோடும், விளிம்பு வேகத்தின் மும்மடியோடும் வளர்வன. வேகம் இருமடங்கானால் இழப்பு எட்டு மடங்காகும்.

குறை, அதன் குணகங்களில் உள்ளது. அவை குறிப்பிட்ட சில சக்கரங்களைச் சோதித்துப் பெற்றவை. சக்கரத்துக்கும் உறைக்கும் இடையிலுள்ள வெளி மாறினாலும், வேலையற்ற அலகுகளுக்கு மறைப்பு இட்டாலும் அவை மாறும். பாடநூல்கள் சில இதை மறந்து, இரண்டு இழப்பையும் ஒரே விழுக்காட்டில் அடக்கிவிடுகின்றன. மறைப்பு இடுவதால் குறைவது எப்பகுதி என்று மாணவன் கேட்கவும் வழியில்லாமற் போகிறது.

மலேசியச் செம்பனை ஆலைகளில் இது ஏட்டளவில் நிற்கும் கேள்வியன்று. பெம்பான் போன்ற தோட்டப்புறத்தார் அறிந்த இவ்வாலைகளில், நாரையும் கொட்டை ஓட்டையும் எரித்து எழுப்பிய ஆவி சுழலியை இயக்கியபின், பழக்குலைகளை அவிக்கச் செல்கிறது. அவ்வாறு வெளியேறும் ஆவியின் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் ஏறத்தாழ 4 மடங்கு. பெரிய மின்நிலையச் சுழலியின் கடைப்பகுதியில் அது வளிமண்டலத்தில் பத்தில் ஒரு பங்கே எனக் கொண்டால், ஆலை ஆவியின் அடர்த்தி சுமார் 30 மடங்காகும். ஒரே சக்கரம் ஒரே வேகத்தில் சுழன்றால் இழப்பும் அவ்வளவே மிகும். மின்தேவை குறைந்து தாரைக்குழாய்கள் சிலவற்றை அடைக்கும்போது விசிறல் இன்னும் கூடும்.

ஆயின் அதனை முற்றும் இழப்பு என்பதும் பொருந்தாது. தண்டு இழந்த ஆற்றல் வெப்பமாகி ஆவியிலேயே சேர்கிறது. அந்த ஆவி குலையை அவிக்கிறது. தேவைக்கு மிஞ்சிய ஆவியை வானில் விடும் ஆலைக்கே அது உண்மையான நட்டம். சூத்திரம் சுழலியின் உறைக்குள் நின்றுவிடுகிறது. ஆலையின் கணக்கோ அவிகலன் வரை செல்லுதல் வேண்டும்.