கடகமும் கொட்டைப்பெட்டியும்: யாழ்ப்பாணத்துக் கைப்பணி பற்றிய ஒரு திறனாய்வு நோக்கு

யாழ்ப்பாணத்துப் பனையோலைக் கைப்பணி பற்றி நம்மிடையே பேசப்பட்டனவும் எழுதப்பட்டனவும் மிகப்பல. பாடசாலைக் கட்டுரை தொடக்கம் கண்காட்சித் திறப்புரை ஈறாக அவை யாவும் ஏறத்தாழ ஒரே அமைப்பின. 'கற்பகதரு' என்ற சொல்லோடு தொடங்கும். பேணிக் காத்தல் நம் கடன் என்ற வேண்டுகோளோடு முடியும். ஆயின் புகழ்ச்சி வேறு, திறனாய்வு வேறு. ஒரு கவிதையையோ நாடகத்தையோ எடுத்துக்கொண்டு 'இது நன்று, இது நன்றன்று, ஏன்?' என வினவும் நாம், ஓர் ஓலைப்பெட்டியை முன்வைத்து அவ்வினாவை எழுப்புவதில்லை. எழுப்பாமை மரியாதையன்று, ஒருவகைப் புறக்கணிப்பே. மதிப்பிடத் தகாதது என ஒதுக்கியதைத்தான் நாம் கேள்வியின்றிப் புகழ்கின்றோம்.

இவ்வினா இன்று அவசியமாவதற்குக் காரணமொன்று உண்டு. கையாற் செய்த பையை ஏந்துவதும், கைத்தறித் துணியை உடுத்துவதும், பழைய சேலையை வெட்டித் தைத்துப் புதுக்கோலம் புனைவதும் இளந்தலைமுறையினரிடையே ஒரு விருப்பாக வளர்ந்துள்ளன. குறைந்த செலவில் தன் கோலத்தைத் தானே அமைத்துக்கொள்ளல் என்பது வரவேற்கத்தக்கதே. எனினும், எளிமை எப்போது அழகாகின்றது, எப்போது அது வறுமையின் மறுபெயராக மட்டும் நின்றுவிடுகின்றது என்பதைத் தெளிந்துகொள்ளாவிடின் இவ்விருப்பு வெறும் புதுமோகமாகவே முடியும்.

கைப்பணியை அழகியல் நோக்கில் ஆராய்ந்த ஈழத்தவருள் முதலில் நினைக்கப்படவேண்டியவர் ஆனந்த குமாரசுவாமி (1877 - 1947). யாழ்ப்பாணத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில், சேர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தராகக் கொழும்பிற் பிறந்த அவர், 1905 இல் 'இரவற் சிறகுகள்' எனப் பொருள்படும் தலைப்பில் ஆங்கிலச் சிறு பிரசுரமொன்றை வெளியிட்டார். சுதேச உடையைக் கைவிட்டு ஐரோப்பிய உடையைப் பின்பற்றும் போக்கினை அது கண்டித்தது. உடையினை ஒரு பண்பாட்டு வினாவாக எழுப்பிய அவ்வெழுத்தின் துணிவு போற்றத்தக்கது. 1908 இல் வெளிவந்த 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் பெருநூல், கைவினைஞனின் பணியைச் சமயத்தோடும் சமூக அமைப்போடும் இணைத்து நோக்கிய முன்னோடி ஆய்வாகும்.

அவ்வாய்வின் எல்லைகளும் மனங்கொள்ளத்தக்கன. குமாரசுவாமி கண்ட கைவினைஞன் அரசனதும் விகாரையினதும் ஆதரவில் வாழ்ந்தவன். தந்தமும் பொன்னும் அரக்கும் அவன் கையாண்ட பொருள்கள். அன்றாடம் குப்பையும் மண்ணும் சுமக்கும் கூடை அவ்வுலகின் நடுவிடத்தைப் பெறவில்லை. மேலும், இயந்திர உற்பத்தியைக் கண்டித்த அந்நூலே இங்கிலாந்தில், வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய கையச்சுப்பொறியில், 425 பிரதிகளாக மட்டும் அச்சிடப்பெற்றது. கையாற் செய்யப்பட்ட அந்நூல் சாதாரண மக்களின் கைக்கு எட்டாத நூலாயிற்று. மொறிஸ் எதிர்கொண்ட முரண்பாடும் இதுவே. உழைப்போர் யாவர்க்கும் அழகு வேண்டுமெனக் குரலெழுப்பிய சமவுடைமைவாதியான அவரது பட்டறைப் பொருள்களை வாங்க வல்லோராய் இருந்தவர்கள் செல்வரே. எளிமையைப் போற்றுதல் எளியோர்க்குப் பயன்படுதலாக எப்போதும் அமைவதில்லை என்பதற்கு இவை சான்றாகும்.

எனவே ஆதரவாளரின் கண்கொண்டன்றி, பொருளின் அமைப்பிலிருந்தே நாம் தொடங்குதல் பொருத்தமாகும். கடகத்தை நோக்குவோம். குருத்தோலையும் சார்வோலையும் வெயிலில் உலர்த்தப்பட்டு, பதப்படுத்தப்பட்டு, ஈர்க்கு நீக்கப்பட்டு, வேண்டிய அகலத்திற்கு வாரப்படுகின்றன. இழைப்பு அடியிலே சதுரமாகத் தொடங்குகின்றது. சுவர் எழ எழ ஓலைகள் சாய்வாக ஒன்றையொன்று ஊடறுத்து ஏறி, வாயிலே வட்டமாகின்றன. சதுரம் நிலத்தில் நிலைத்து நிற்பதற்கு. வட்டம் கையால் அள்ளவும் தலையிற் சுமக்கவும் இசைவதற்கு. சுமையைத் தாங்க இரட்டைச் சுவர். கிழியாதிருக்க மட்டை நாராற் கட்டிய விளிம்பு. இதில் அழகுக்கென்று தனியாகச் சேர்க்கப்பட்டது எதுவுமில்லை. ஆயினும் சதுரம் வட்டமாகும் அந்த மாற்றத்தைக் காணும் கண்ணுக்கு அதைவிட வேறு அலங்காரம் வேண்டியதில்லை.

நீற்றுப்பெட்டியும் அவ்வாறே. ஆவி உள்ளே புகவேண்டும். மா வெளியே சிந்தக்கூடாது. இவ்விரண்டு தேவைகளுக்கும் இடையிலுள்ள நுண்ணிய அளவே அதன் இழைப்பின் நெருக்கத்தைத் தீர்மானிக்கின்றது. சுளகு, உமல், தடுக்கு, பனங்கட்டி வார்க்கும் குட்டான் என எதனை எடுத்துக்கொள்ளினும், பயனிலிருந்து வடிவம் பிறந்த கதையினையே காண்கின்றோம்.

தனிமனிதக் கோலத்தோடு தொடர்புடைய பொருளாக இவற்றுள் விதந்து கூறத்தக்கது கொட்டைப்பெட்டி. ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகும் உறைகளாக மெல்லிய ஓலையால் இழைக்கப்பட்டு, வெற்றிலை பாக்கையும் சில்லறைக் காசையும் தாங்கி, மூதாட்டியரின் இடுப்பிற் செருகப்பட்டிருந்த சிறு பெட்டி அது. அதிற் சாயமிட்ட ஓலைகளால் வரியும் கட்டமும் அமைப்பதுண்டு. கண்டாங்கிச் சேலையும் கொட்டைப்பெட்டியுமாகச் சந்தைக்குச் சென்ற பெண்ணுக்குத் தனக்கெனவொரு கோலம் இருந்தது. அதற்கு அவள் செலவிட்டது ஓரிரு ஓலையும் ஓய்வு நேரமுமே.

இவற்றோடு ஒப்பிட்டு, இன்று காட்சிச்சாலைகளிற் காணப்படும் பனையோலைப் பொருள்களிற் சிலவற்றை நோக்குமிடத்து வேறுபாடு புலனாகும். ஓலையாற் செய்த ரோசாப்பூ, சுவரில் மாட்டும் மயில், கடுஞ்சாயம் தோய்ந்து ஓலையென்றே அடையாளம் காணவியலாத பூச்சாடி ஆகியவற்றிற் கைத்திறன் இல்லை எனக் கூறவியலாது. மிகுந்த திறன் உண்டு. ஆனால் அத்திறன் ஓலையை ஓலையல்லாததாகக் காட்டுவதில் விரயமாகின்றது. பிளாஸ்ரிக் பூவைப் பின்பற்றும் ஓலைப்பூ, பிளாஸ்ரிக்கிடம் முன்னரே தோற்றுவிட்ட பூ. சாயம் இங்கே குற்றமன்று. கொட்டைப்பெட்டியிலும் சாயம் உண்டு. அங்கே நிறம் இழைப்பின் ஒழுங்கை வெளிப்படுத்தியது. இங்கே அதனை மறைக்கின்றது.

இவ்விடத்து அழகியல் நோக்கு மட்டும் போதுமானதன்று. கடகம் இத்துணை அழகியதாயின், வசதி வந்தவுடன் நம்மவர் அதனைக் கைவிட்டது ஏன்? நாகரிக மோகம் என்று விடை கூறுவது எளிது. அது முழு உண்மையன்று. கைப்பணி யாழ்ப்பாணச் சமூகத்தில் ஒருபோதும் வெறும் கைப்பணியாக இருந்ததில்லை. யார் செய்வது, யார் சுமப்பது, யார் எதனை உடுப்பது என்பவற்றைச் சாதியமைப்பே வரையறுத்தது. ஒல்லாந்தர் ஆட்சியில் (1658 - 1795) துணிக்குச் செந்நிறம் ஊட்டிய சாயவேரைத் தோண்டும் பணி சில குடிகள்மீது கட்டாய ஊழியமாகச் சுமத்தப்பட்டிருந்தது. அச்சிவப்பின் அழகைப் புகழ்வோர் அவ்வேரைத் தோண்டிய கைகளை நினைப்பதில்லை.

உடை பற்றிய வரலாறு இதனினும் கொடியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் தாழ்த்தப்பட்ட மக்கள் மேலாடை அணிவதும், அவர்தம் பெண்கள் சட்டை அணிவதும், நகை பூணுவதும் பலவிடங்களில் தடுக்கப்பட்டிருந்தன. அத்தகைய ஒருவருக்குக் கடையில் வாங்கிய சட்டை நாகரிக மோகத்தின் சின்னமன்று. அது விடுதலையின் சின்னம். குமாரசுவாமி 'இரவற் சிறகு' எனக் கண்ட அதே உடை, இங்கே உரிமைக்கான போராட்டத்தில் அணியப்பட்ட உடையாயிற்று. 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டமும், 1966 இல் எழுச்சியுற்ற தீண்டாமை ஒழிப்புப் போராட்டமும் கடந்த பின்னரே, எளிய உடையை விரும்பி அணியும் உரிமை எல்லோர்க்கும் உரியதாகும் சூழல் தோன்றத் தொடங்கிற்று. மறுக்கும் வாய்ப்பு இல்லாதவனுக்கு எளிமை ஓர் அறமாகாது.

எளிமையை விரும்பி ஏற்றோரும் இம்மண்ணில் இருந்தனர். 1924 இல் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் (பின்னர் வாலிபர் காங்கிரஸ்) அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அவ்வியக்கத்தின் அழைப்பையேற்றுக் காந்தியடிகள் 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்தார். அவரது இலங்கைப் பயணத்தின் நோக்கங்களுள் கதர் நிதி திரட்டுவதும் ஒன்றாகும். ஆங்கிலக் கல்விகற்ற இளைஞர், ஐரோப்பிய உடையைக் களைந்து தேசிய உடையை மேற்கொண்டதில் ஓர் உயர்ந்த கருத்து இருந்தது. அவர்கள் அதனோடு நிற்கவில்லை. சாதிவேற்றுமைக்கு எதிராகவும் சமபந்தி, சமஆசனம் என்பவற்றுக்கு ஆதரவாகவும் குரல் கொடுத்தனர். உடையின் எளிமையும் சமத்துவக் கொள்கையும் ஒருங்கே நின்றமையாலேயே அக்கோலம் பொருளுடையதாயிற்று. அவ்விரண்டாவது கூறு நீங்கிய இடத்தில், வெண்கதர் வெறும் மேடையுடையாக மாறியதை நாம் பின்னாளில் எங்கும் கண்டோம்.

விரும்பி ஏற்ற எளிமை இதுவாக, சுமத்தப்பட்ட எளிமையினையும் யாழ்ப்பாணம் நன்கறியும். 1970 தொடக்கம் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடு துணிப்பஞ்சத்தையும் தந்தது. அதேவேளை உள்ளூர்க் கைத்தறிக்கு வாழ்வையும் தந்தது. 1977 இன் திறந்த பொருளாதாரம் பஞ்சத்தை நீக்கியது, தறிகளையும் ஓயச்செய்தது. நாடெங்கும் அத்தறிகளை நம்பிவாழ்ந்தோருட் பெரும்பாலார் பெண்கள். 1978 இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பெற்றது, ஓலைத்தொழிலுக்கு மலிவான இறக்குமதிப் பொருள்களின் போட்டி மிகத்தொடங்கிய அவ்வேளையிலேயே என்பது கவனிக்கத்தக்கது.

1990 இன் பின்னரான பொருளாதாரத் தடைக்காலம் இன்னொரு பாடம். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய், சவர்க்காரம், மின்கலம் என்பன அரிதாயின அல்லது தடைசெய்யப்பட்டன. ஜாம் போத்தலுட் சிறுதிரி இட்டு விளக்காக்கினர். துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து மிதியைக் கையாற் சுழற்றி, அதன் தைனமோவால் வானொலி கேட்டனர். பனம்பழக் களியாற் துணி வெளுக்கும் பழைய வழக்கம் மீண்டது. மக்களின் ஆக்கத்திறனுக்கு இவற்றினும் சிறந்த சான்று தேடவேண்டியதில்லை. அதே காலத்திற் காவலரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்குமாகப் பனைகள் பெருந்தொகையாகத் தறிக்கப்பட்டன என்பதும் அதே வரலாற்றின் பகுதியே.

இக்காலத்தை இன்று நினைவுகூர்வோர் சிலர், 'அப்போது எவ்வளவு சிக்கனமாக, எவ்வளவு தற்சார்போடு வாழ்ந்தோம்' என ஏக்கங்கொள்வதுண்டு. அவ்வேக்கம் புரிந்துகொள்ளத்தக்கது, ஏற்கத்தக்கதன்று. ஜாம் போத்தல் விளக்கு வியக்கத்தக்க கண்டுபிடிப்பு. ஆனால் அவ்வொளியிற் படித்த மாணவன் அதனை ஒரு கலைப்பொருளாகத் தெரிந்தெடுக்கவில்லை. அவனுடைய திறனைப் போற்றுவோம். அதனைத் தேவையாக்கிய நிலைமையைப் போற்றுதல் தகாது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, கைப்பணிப் பொருளொன்றை மதிப்பிடுவதற்கு மூன்று வினாக்கள் போதுமெனலாம். முதலாவது, அது பயன்படுகின்றதா? இரண்டாவது, அது தன் மூலப்பொருளுக்கு உண்மையாக உள்ளதா? மூன்றாவது, அதனைச் செய்தவர் அதனாற் கண்ணியமாக வாழமுடிகின்றதா? முதலிரண்டையும் அழகியலார் கேட்பர். மூன்றாவதனைக் கேட்பவர் குறைவு. மலிவு என்பது வாங்குபவருக்கு இன்பந்தரும் சொல். ஒரு பையை இழைக்க ஒரு பெண் செலவிட்ட பொழுதைக் கணக்கிட்டால், அவ்வின்பத்தின் செலவை யார் கொடுத்தார் என்பது வெளிப்படும். நாளொன்றின் பெரும்பகுதியைக் கொள்ளும் வேலைக்குப் பேரம் பேசி விலைகுறைத்து வாங்கிய பையை, கைப்பணியை வாழவைக்கும் சின்னமாகத் தோளில் மாட்டிக்கொள்வதிற் பெருமையில்லை.

அவ்வாறாயின் சிறு வருவாயுள்ள மாணவர்க்கு வழி யாது? விலைகுறைத்துக் கேட்பதன்று, தானே கற்றுக்கொள்வது. ஓலை வாரவும் விளிம்பு பொத்தவும் தெரிந்த மூத்தோர் இன்னும் நம் கிராமங்களில் உள்ளனர். அவர்களிடம் சென்று அமர்ந்து ஒரு கொட்டைப்பெட்டியை இழைக்கக் கற்கும் மாணவன், முதலாவது பெட்டி கோணலாக முடியும்போது இரண்டு உண்மைகளை அறிவான். ஒன்று, 'சாதாரணம்' என நாம் கடந்துசெல்லும் பொருளினுள் எத்துணை அறிவு செறிந்துள்ளது என்பது. மற்றையது, அவ்வறிவுடையோரைச் சாதியின் பெயராலும் கூலியின் பெயராலும் தாழ்த்திவைத்த நம் கல்வி எத்துணைக் குறைவுடையது என்பது. கோணலான அப்பெட்டியை இடுப்பிலோ பையிலோ வைத்திருப்பதற்கு அவன் நாணவேண்டியதில்லை. அது இரவற் சிறகன்று. நம் கைப்பணி பற்றிய திறனாய்வு அக்கோணற் பெட்டியிலிருந்து தொடங்குமாயின், கண்காட்சி உரைகளின் தேவை தானே குறைந்துவிடும்.