ஊர் கொடுத்த நாலு காசு

நெ. து. சுந்தரவடிவேலு 1912இல் பிறந்த நெய்யாடுபாக்கம் அன்று செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமம். காமராசர் ஆட்சியில் பொதுக்கல்வி இயக்குநரான அவர், பள்ளிக்கு வேண்டியதை ஊரிடமே கேட்கும் வழக்கத்தை இயக்கமாகவே வளர்த்தார். 1956இல் மதிய உணவு ஊர்க்கொடையில்தான் தொடங்கியது. பின்னர் அரசு மானியம் வந்தபோதும் ஒரு சாப்பாட்டுக்கான 10 காசில் 6 அரசுடையது, 4 ஊருடையது. 1958இல், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடியது. பள்ளியில் இல்லாதவற்றை ஊரார் பட்டியலிட்டார்கள். கரும்பலகை, பெஞ்சு, சீருடை, சுற்றுச்சுவர் என்று ஆளுக்கொன்றாக ஏற்றுக்கொண்டார்கள்.

இதன் பலம் பெரிது. கோப்பு நகரும்வரை குழந்தை காத்திருக்க வேண்டியதில்லை. பெஞ்சு கொடுத்தவர் அது உடைந்தால் வந்து கேட்பார். ஆசிரியர் வராவிட்டாலும் கேட்பார். பள்ளி ஊரின் சொத்தானது. ஓர் அதிகாரி ஆணையால் மட்டும் இதைச் சாதித்திருக்க முடியாது.

ஆனால் அந்த நாலு காசில்தான் குறையும் இருந்தது. மதுராந்தகம் ஏரிப்பாசன நஞ்சைக்காரர் நெல் அளந்து கொடுக்கலாம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள மீனவர் குப்பத்தில், மீன்பாடு இல்லாத மாதத்தில் யார் கொடுப்பது? உதவி அதிகம் தேவைப்பட்ட ஊரே கொடுக்க முடியாத ஊராக இருந்தது. நிலமுள்ளவர் கொடுத்து நிலமற்றவர் பிள்ளை உண்ணும்போது சோறு உரிமையாகாது, தருமமாகவே நிற்கும். 1982இல் எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவும், 2022இல் வந்த காலை உணவும் அந்தச் சுமையை ஊரின் தோளிலிருந்து இறக்கின. அதுவே சரி.

கட்டடமும் கருவிகளும் மட்டும் மீண்டும் கொடையாளரைத் தேடுகின்றன. 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் நிறுவனங்களையும் முன்னாள் மாணவர்களையும் அழைக்கிறது. அழைப்பதில் தவறில்லை. ஆனால் அன்று கொடுத்தவரின் பிள்ளையோ பேரனோ அதே பள்ளியில் படித்தான். இன்று கொடுக்கும் நிறுவனத்துக்கு அந்த ஊர் வெறும் பெயராகவே இருக்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையோரப் பள்ளி அதன் கண்ணில் படும். செய்யூர்ப் பக்கத்து உட்கிராமப் பள்ளி படாது.

அதனால் கடம்பத்தூரிலிருந்து இன்று எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பட்டியலைத்தான். ஒவ்வொரு பள்ளியின் தேவையையும் ஊராரே எழுதட்டும். எந்தப் பள்ளிக்கு முதலில் என்பதைக் கல்வித் துறை முடிவு செய்யட்டும். கொடையாளர் அந்த வரிசைப்படி கொடுக்கட்டும். கழிப்பறையும் குடிநீரும் மட்டும் அந்தப் பட்டியலில் ஏறவே கூடாது. அவற்றுக்கு அரசே பணம் ஒதுக்க வேண்டும்.