ஒரே ஒரு அடிக்காக

ஹந்தானை இறக்கத்தில், மழை நனைத்த வளைவொன்றில் சைக்கிள் சறுக்கி விழுந்தேன். முழங்கையில் சிராய்ப்பு, தலைக்கு ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து ஹெல்மட்டின் உட்பஞ்சைப் பிரித்தபோதுதான் கண்டேன்: வெள்ளை ரெஜிபோமில் மயிரிழை போல ஒரு வெடிப்பு, காதோரம் தொடங்கி உச்சிவரை. வெளியோட்டிலோ ஒரு கீறல் மட்டும்.

டிவிப் பெட்டிக்குள் வருகிற அதே பாலிஸ்டைரீன்தான், இன்னும் இறுக்கமாக வார்த்தது. நசுங்குவதுதான் அதன் தொழில். காற்றடைத்த மணிகள் நசுங்கும் அந்தச் சில மில்லிசெகண்டுகளில் தலை சற்று மெதுவாக நிற்கிறது. நசுங்கிய மணி பழையபடி உப்பாது. அடுத்த அடிக்கு அந்த ஹெல்மட் வெறும் தொப்பி.

கண்டி டவுனில் கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு தம்பி, கம் போட்டு ஒட்டிரலாமே!"

சிரித்துக்கொண்டே புதியவற்றின் உள்ளே ஸ்டிக்கரைத் தேடினேன்: ஈஎன் 1078. ஏறத்தாழ 1.5 மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான இரும்பில் விழவிட்டுச் சோதிக்கும் ஐரோப்பியத் தரம். பிறகு அளவு. வாரைப் பூட்டாமல் குனிந்து தலையை உலுப்பினேன். இரண்டு கழன்று விழுந்தன, மூன்றாவது நெற்றியைப் பிடித்துக்கொண்டது. பளீர் மஞ்சள், எனக்குப் பிடிக்காத நிறம். பேராதனை வீதியில் அந்திமழையில் பஸ் டிரைவர் கண்ணில் பட்டால் சரி.

பழையதன் வாரை வெட்டிவிட்டேன், யாரும் எடுத்து மாட்டிக்கொள்ளாதபடி. இப்போது அதில் ஓர் அந்தூரியம். தண்ணீர் வடிய அந்தக் காற்றுத் துளைகள் நல்ல தோது.